இருபது ஆண்டுகள் கையால் நீக்கிய பதிவுகள்

2002ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டுக்கு அருகே இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஆறு வாரங்கள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது வயது 26. எதிரே இருந்தவருக்கு 57. அந்த நிறுவனத்தின் பிரீமியம் கணக்கையும் முகவர்களுக்கான கமிஷன் கணக்கையும் போடுகிற மென்பொருளை 22 ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வந்தவர் அவர். தனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்கும், என்னுடன் வந்திருந்த இருவருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் அங்கே அவருக்கு மிச்சமிருந்த வேலை. அது முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்; நாங்கள் சென்னைக்குத் திரும்பி அவருடைய வேலையைத் தொடர வேண்டும். எங்கள் துறையில் இதற்கு நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்று பெயர். பேச்சில் கே.டி.

கே.டி. முழுமையாக முடிந்தது என்று கையெழுத்தானால்தான் அவருக்கு விலகல் தொகை கிடைக்கும் என்பது எனக்கு இரண்டாவது வாரத்தில்தான் தெரியவந்தது. குறை சொல்லும் தொனி எதுவும் இல்லாமல், அன்றைய பாடத்தின் ஒரு பகுதியைப் போல அவரே அதைச் சொன்னார். அன்று மாலை தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பிய பிறகும் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அந்த அறைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் கூட்டுறவு வங்கி எழுத்தராக இருந்தவரின் மகன் நான். 1998இல் பொறியியல் படிப்பை முடித்துச் சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் மாதம் 8,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தபோது, என்னைப் போன்றவர்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் ஒய்2கே. கணினியில் ஒவ்வோர் எழுத்தைச் சேமிக்கவும் காசைக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்த காலத்தில், 1967 என்பதை 67 என்று எழுதி இரண்டு இலக்கங்களை மிச்சம் பிடித்திருந்தார்கள். 2000 பிறக்கும்போது அது 00 ஆகும். 1960இல் பிறந்தவரின் வயதைக் கணக்கிடும் நிரல் 00இலிருந்து 60ஐக் கழித்து மைனஸ் 60 என்று சொல்லும். கோபோல் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட லட்சக்கணக்கான வரிகளில் தேதி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். எல்லா இடத்திலும் நான்கு இலக்கமாக்க நேரம் போதாததால், பல நிரல்களில் ஓர் எல்லைக்கோடு வகுத்தோம்: ஆண்டு 50க்குக் குறைவாக இருந்தால் 2000களைச் சேர்ந்தது, இல்லையென்றால் 1900களைச் சேர்ந்தது. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை இதே வேலை. பெரிய அறிவு எதையும் கேட்காத, பொறுமையை மட்டுமே கேட்ட அந்த வேலைக்கு அமெரிக்காவில் போதுமான ஆட்கள் இல்லை. இங்கே நாங்கள் இருந்தோம்.

எனக்கு முந்தைய தலைமுறை இதற்கான பாதையைப் போட்டு வைத்திருந்தது. மென்பொருளை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதாக உறுதி கொடுத்தால்தான் கணினியை இறக்குமதி செய்ய முடிந்த 1974இல், டி.சி.எஸ். நிறுவனம் பரோஸ் கணினியைக் கொண்டுவந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான நிரல்களை எழுதத் தொடங்கியது. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் மையம் தொடங்கி, அங்கே நடந்த வடிவமைப்பு வேலையைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அமெரிக்காவுக்கு அனுப்ப வழி செய்தது. அதற்கு முன்பெல்லாம், ஒன்று மனிதர் விமானம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் காந்த நாடா விமானம் ஏற வேண்டும். 1991இல் மத்திய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் வந்தது. தனியாகச் செயற்கைக்கோள் நிலையம் அமைக்க வசதியில்லாத சிறு நிறுவனங்களும் தரவு இணைப்பை வாடகைக்குப் பெற முடிந்தது. 1994இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவாகச் சென்னையில் தொடங்கியதுதான் பின்னாளைய காக்னிசன்ட். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க்கைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தபோது, அந்தக் கட்டடத்தைத் தொலைவில் நின்று பார்ப்பதற்கென்றே நாங்கள் நான்கு பேர் மாநகரப் பேருந்தில் போனோம். பழைய மகாபலிபுரம் சாலையில் அன்று சவுக்குத் தோப்புகள்தான் அதிகம்.

இந்தத் தொழிலின் கணக்கு எளிமையானது. பத்துப் பேர் கொண்ட குழுவில் இரண்டு மூன்று பேர் வாடிக்கையாளரின் ஊரில் இருப்பார்கள், அது ஆன்சைட். மற்றவர்கள் இங்கே, அது ஆஃப்ஷோர். எங்கள் புராஜெக்டில் அன்று ஆன்சைட் ஆளுக்கு மணிக்கு 60 டாலருக்கு மேல் பில்லிங், ஆஃப்ஷோர் ஆளுக்கு 20 டாலரை ஒட்டி. எங்கள் நேரம் நியூயார்க் நேரத்தைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் முன்னால் இருப்பதால், அங்கே இரவில் ஓடுகிற வேலைகள் இங்கே பகலில் கண்காணிக்கப்படும். சம்பள வித்தியாசம், நேர வித்தியாசம், ஆங்கிலம் தெரிந்த பொறியாளர்கள், இந்த மூன்றையும் வைத்து ஒரு பெருந்தொழில் எழுந்து நின்றது. இன்று இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் துறையில் இருக்கிறார்கள்.

கே.டி.யின் கடைசி வாரத்தில் 14 தொகுதிகள் கொண்ட ஓர் எக்செல் பட்டியல் எங்கள் முன்னால் இருந்தது. ஒவ்வொரு வரியின் எதிரேயும் ‘முடிந்தது’ என்று எழுத வேண்டும். 12 தொகுதிகள் எங்களுக்குப் புரிந்திருந்தன. காலாண்டு கமிஷன் கணக்கு தொடர்பான இரண்டு புரியவில்லை. நாங்கள் இருந்த ஆறு வாரத்தில் காலாண்டு முடிவு எதுவும் வராததால், அந்த வேலை ஓடுவதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. அவருக்கோ கையெழுத்து வேண்டும், எங்கள் மேலாளருக்கோ தேதி தவறக்கூடாது, எனக்கோ புரியவில்லை என்று சொல்லத் துணிவில்லை. பட்டியலைப் பார்க்காமலேயே அவர் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நானும் போட்டேன்.

2003 ஏப்ரல் 1. சென்னையில் காலை பத்தரை மணி; அங்கே நள்ளிரவு, முதல் காலாண்டு முடிந்த நேரம். டிசம்பர் மாதக் காலாண்டு வேலையை அந்த நிறுவனத்தின் ஆட்களே கடைசியாக ஒருமுறை ஓட்டியிருந்ததால், நாங்கள் தனியாக ஓட்டிய முதல் காலாண்டு வேலை அதுதான். ஓடத் தொடங்கிய 20 நிமிடத்தில் சாக் செவன் அடித்து நின்றது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ இருந்து, நிரல் அதைக் கணக்கில் சேர்க்கப் பார்த்துச் செத்துப்போவதற்கு, மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினிகளில் வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. எந்தப் பதிவில் நின்றதோ அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால், அடுத்த பதிவில் நின்றது. முகவர்களுக்குக் கமிஷன் போக வேண்டிய நாள். தொலைபேசியில் நிமிடத்துக்கு ஒரு எஸ்கலேஷன், அதாவது மேலிடத்துப் புகார். அவருடைய வீட்டு எண் என் டைரியில் இருந்தது; வேலையை விட்டுப் போனவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்பது ஒப்பந்த விதி. நான் அழைக்கவில்லை. ஒப்பந்தம் மட்டும்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. எந்த முகத்தோடு அவரை அழைப்பது என்றும் இருந்தது.

மாலை ஏழரை மணிக்கு என் சக ஊழியர் ஒருவர் அந்த அமெரிக்கரின் பயனர் எண்ணின் கீழ் இருந்த பழைய கோப்புகளைப் புரட்டியபோது விடை கிடைத்தது. 1988இல் தொடங்கும் ஒரு சிறிய கோப்பு. ஒவ்வொரு காலாண்டுக்கும் ஐந்தாறு பாலிசி எண்கள், எதிரே ஒரு சதவிகிதம். அந்த நிறுவனம் 1980களில் விலைக்கு வாங்கிய வேறொரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த பாலிசிகள் அவை. அவற்றில் கமிஷன் விகிதம் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இன்னொரு நிரல் அந்த வெற்றிடத்தை அப்படியே படியெடுத்துக் கொண்டுவந்து சேர்த்தது. அவர் காலாண்டு தவறாமல் அந்தப் பதிவுகளைக் கையால் பொறுக்கி எடுத்து, வேலையை ஓடவிட்டு, பிறகு சரியான விகிதத்தை உள்ளிட்டுத் தனியாகச் சேர்த்திருக்கிறார். எந்த ஆவணத்திலும் இது இல்லை. நாங்கள் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. சொல்லாமல் மறைத்தார் என்று அன்று எங்கள் அலுவலகத்தில் சிலர் பேசினார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 15 ஆண்டுகளாகக் கை தானாகச் செய்துவந்த காரியம் சொல்ல வேண்டிய ஒன்றாக அவருக்கே தோன்றியிருக்காது.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். வெற்றிடத்தைப் படியெடுக்கும் அந்த நிரலைத் திருத்தினால் சிக்கல் அடியோடு தீரும். இரண்டு வார வேலை. முன்மொழிவு எழுதி அனுப்பினோம். இந்த ஆண்டு அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை, பதிவுகளைக் கையால் நீக்கும் முறையைக் கையேட்டில் சேர்த்துவிடுங்கள் என்று பதில் வந்தது. மறு ஆண்டும் அனுப்பினோம், அதே பதில். மூன்றாம் ஆண்டு அனுப்பவில்லை. கையேட்டின் 43ஆம் பக்கத்தில் ஒன்பது படிகளாக அது ஏறிவிட்டது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அந்த ஒன்பது படிகளைச் சொல்லிக்கொடுத்தோம். 2003இலிருந்து சுமார் 80 காலாண்டுகள், சென்னையில் யாராவது ஒருவர் அந்தப் பதிவுகளைக் கையால் பொறுக்கி எடுத்தார்.

மென்பொருள் வேலை கடல் தாண்டி வந்ததைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. வேலையோடு அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை வரவில்லை என்பதை எங்கள் துறையில் இருப்பவர்களே போதுமான அளவு பேசியதில்லை. எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது, எதை அடியோடு மாற்றுவது என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிச் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டாக, அதாவது மாற்றக் கோரிக்கையாக, இங்கே வரும். பழியை முழுவதும் வாடிக்கையாளர் மேல் போட்டுவிடவும் முடியாது. அந்தக் கையால் செய்யும் வேலைக்குக் காலாண்டுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 24 மணி நேரம் நாங்கள் பில்லிங் செய்தோம். தீர்த்துவிட்டால் அது போய்விடும். ஆட்களின் மணி நேரத்தை விற்கும் தொழிலில், மணி நேரத்தைக் குறைக்கிறவனுக்குப் பாராட்டுக் கடிதம் வரலாம், பதவி உயர்வு வராது. தமிழ்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளிலிருந்து வந்த எத்தனையோ கூர்மையான மூளைகள், ஒரு சிக்கலைத் தீர்க்க வழி தெரிந்தும் தீர்க்க அனுமதியில்லாமல், ஒன்பது படிகளைப் பின்பற்றப் பழகிப்போனதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

அந்தத் தொழிலால் நாங்கள் அடைந்ததைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் தங்கையின் கல்யாணமும் அப்பாவின் இருதய அறுவைச் சிகிச்சையும் அந்த 20 டாலரில் நடந்தவை. சிவகாசியிலிருந்தும் அரியலூரிலிருந்தும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்கள் துரைப்பாக்கத்து விடுதிகளில் தங்கிச் சம்பாதித்து, தம்பியைப் படிக்க வைத்து, தன் கல்யாணத்தைத் தானே தீர்மானித்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்போது நுழைகிறவர்களின் நிலை வேறு. 15 ஆண்டுகளுக்கு முன்பு பெரிய சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கு ஆண்டுக்கு 3 லட்சத்துச் சொச்சம் சம்பளம். இன்றும் பெரும்பாலானோருக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் 43 ரூபாய்க்குள் இருந்த டாலர் இப்போது 85ஐத் தாண்டிவிட்டது. ரூபாய் சரியச் சரிய விரிந்த அந்த இடைவெளியின் பலன் கீழே இருப்பவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

அமெரிக்கர்களின் கோபத்தையும் நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. அந்த அறையில் ஆறு வாரம் இருந்தவன் நான். 2015இல் ஃப்ளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் 250 பேர் தங்கள் இடத்துக்கு வருகிறவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியிருந்த செய்தி வந்தபோது, எங்கள் கேண்டீனில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் எல்லாரும் படித்திருந்தோம். எச்-1பி வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்பை 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக உயர்த்தியதும், 2004இல் மறுபடி 65,000க்கு இறக்கியதும், 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்ததும் அவர்கள் அரசாங்கம் எடுத்த முடிவுகள். விசாவை இறுக்கினால் வேலை அங்கேயே நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு அனுபவத்தில் ஆதாரம் குறைவு. ஆள் போக முடியாதபோது வேலை இங்கே வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கோபம் விசாவில் வந்து இறங்கும் 26 வயதுப் பையன் மேல் பாய்கிறது. மிச்சமான பணம் போய்ச் சேர்ந்த இடத்தை அது பெரும்பாலும் தொடுவதில்லை.

இங்கே வாழ்க்கையும் அங்கிருக்கும் கடிகாரத்தோடு கட்டப்பட்டுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரின் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்போது, மாலை ஆறரை மணிக்கு இருந்த எங்கள் தொலைபேசிக் கூட்டம் ஏழரைக்கு நகரும். அதோடு என் வீட்டில் இரவுச் சாப்பாடும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். என் மகள் ஐந்து வயதில், அமெரிக்காவில் மணி மாறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போவாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் வீட்டின் தரைத்தளம் மூழ்கியிருந்தபோது, வேலை நிற்கக்கூடாது என்று எங்களைப் பெங்களூருக்குப் பேருந்து ஏற்றினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கட்டடம் கட்டடமாக எழுப்பியதற்கும் அந்த வெள்ளத்துக்கும் இருக்கும் தொடர்பைப் பேருந்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போனோம். வீட்டில் மனைவியும் மகளும் முதல் மாடியில் பக்கத்து வீட்டாரோடு இருந்தார்கள். நான் போயிருக்கக் கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

சில ஆண்டுகளாக நிலைமை வேறு பக்கம் திரும்புகிறது. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் மறைமலைநகர் ஆலையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. ஆனால் சென்னையில் மென்பொருளும் பொறியியல் வடிவமைப்பும் செய்யும் அதன் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் அப்படியே தொடர்ந்தார்கள். இதுபோல் வெளிநாட்டு நிறுவனங்கள் இடைத்தரகர் இல்லாமல் தாங்களே நடத்தும் மையங்களை ஜிசிசி என்கிறோம். 2024 நிலவரப்படி இந்தியாவில் 1,700 மையங்கள், 19 லட்சம் ஊழியர்கள். எங்களைப் போன்ற சேவை நிறுவனங்களிடமிருந்து வேலை அந்த மையங்களுக்குப் போகிறது. 2023இல் எங்கள் காப்பீட்டு வாடிக்கையாளரும் ஹைதராபாத்தில் ஒரு மையத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலையில் நான் மறுபடி ஒரு கே.டி. அறையில் உட்கார்ந்தேன், இம்முறை மேசையின் அந்தப் பக்கத்தில்.

எதிரே 24 வயதுப் பெண். எக்செல் பட்டியலின் கட்டங்கள்கூட மாறவில்லை. 43ஆம் பக்கத்துக்கு வந்தபோது ஒன்பது படிகளையும் ஒரு முறை படித்துவிட்டு, “இதை ஏன் சார் கையால் செய்கிறீர்கள்?” என்று கேட்டார். 2003இல் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, பக்கத்து அறையில் இருந்த தன் மேலாளரிடம் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். அந்த மென்பொருளில் எதைத் திருத்துவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அதற்குள் ஹைதராபாத்துக்கு வந்துவிட்டிருந்தது. “அடுத்த ஸ்பிரின்ட்டில் எடுத்துக்கொள்கிறோம், அந்த நிரலைக் காட்டுங்கள் சார்” என்றார். சில வார வேலைச் சுற்றுக்கு எங்கள் துறையில் ஸ்பிரின்ட் என்று பெயர். இருபது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எழுதிய முன்மொழிவைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதில் இருந்த திருத்தத்தையே, சில வரிகளை மாற்றி, அவர் செய்தார்.

ஜிசிசி எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன். தலைமையகம் ஒரு நாள் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெண்ணும் ஒரு கே.டி. அறையில் உட்கார வேண்டி வரும். 1996இல் தொடங்கிய ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தைப் போல, தன் பொருளைத் தானே வடிவமைத்து உலகத்துக்கு விற்கும் நிறுவனங்கள் இங்கே இன்னும் நிறைய வேண்டும் என்பதே என் ஆசை. ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை.

கே.டி.யை ஆகஸ்ட் இறுதியில் முடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லி எங்கள் மேலாளர் கேட்டார். 12 தொகுதிகளுக்கு எதிரே முடிந்தது என்று எழுதினேன். காலாண்டு தொடர்பான இரண்டுக்கு எதிரே ‘முடியவில்லை’ என்று எழுதிவிட்டு, அந்தப் பெண் காலாண்டு வேலையை ஒரு முறை தானே ஓட்டிப் பார்க்கும் வரை காத்திருக்கச் சொன்னேன். அதற்காக ஒரு மாதம் தள்ளிப்போனது. நான் சில வார்த்தைகளைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டியிருந்தது. அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் பெண் ஹைதராபாத்தில் தன் வீட்டிலிருந்து வேலையை ஓடவிட்டார். நான் வேளச்சேரியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 20 நிமிடம் கடந்தது. ஐம்பதாவது நிமிடத்தில் ரிட்டர்ன் கோடு பூஜ்யம் என்று வந்தது; வேலை பிழையில்லாமல் முடிந்தது என்று அர்த்தம். பட்டியலைத் திறந்து மீதி இரண்டு வரிகளையும் நிரப்பி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.